பயம் முதல்ல, காரணம் அப்புறம்

 

2004 டிசம்பர் 26. சுனாமி குளச்சலையும் மணக்குடியையும் புரட்டிப் போட்டது. எங்க ஊர் சிதறால் கடலை விட்டுத் தள்ளி, மலைக்கோவில் அடிவாரத்துல இருக்கு. ஒரு சொட்டு கடல் தண்ணி வரல. ஆனா ‘கடல் மறுபடியும் வருதாம்’ங்கிற பேச்சு மட்டும் நாள்கணக்கா ஓயல. பத்திரமா இருக்கிறவங்க ஏன் இன்னும் பயங்கரமான கதையை நம்பணும்?

உளவியலோட ஒரு பெரிய கோட்பாடு இந்தக் கேள்வியிலிருந்துதான் கிளம்புச்சு. அதுவும் பீகார்ல.

1934 ஜனவரி 15, நேபாள-பீகார் நிலநடுக்கம். ஜனங்க பேசிக்கிட்ட வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற உளவியலாளர் சேகரிச்சு, 1935-ல கட்டுரையா வெளியிட்டார். பாட்னாவுக்குப் புயல் வருது, சந்திர கிரகணத்தன்னிக்கு இன்னொரு பூகம்பம்... இப்படி.

இருபது வருஷம் கழிச்சு அமெரிக்காவுல லியோன் ஃபெஸ்டிங்கர் இதைப் படிச்சார். அந்த ஜனங்க அதிர்வை உணர்ந்தவங்க, ஆனா பெரிய அழிவைக் கண்ணால பார்க்காதவங்க. உள்ளே பயம் இருக்கு, வெளியே அதுக்குக் காரணம் இல்ல. அந்த இடைவெளியை வதந்தி நிரப்புதுன்னு அவர் நினைச்சார். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு ஆய்வும் கிடைச்சது: துர்கானந்த் சின்ஹா 1952-ல எழுதிய டார்ஜிலிங் நிலச்சரிவு ஆய்வு. அழிவுக்கு நடுவுல இருந்த அவங்ககிட்ட இந்த மாதிரி ஆரூடங்கள் இல்ல. மனசுக்குள்ள ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகாட்டி அதைச் சரிக்கட்டப் பார்ப்போம். இதுதான் 1957-ல அவர் புத்தகமா எழுதிய ‘காக்னிட்டிவ் டிஸ்ஸொனன்ஸ்’.

யோசனை அழகு. ஆனா ஆதாரம்? வேற ஊர், வேற வருஷம், வேற பேரிடர், சேகரிச்சவரும் வேற. ரெண்டு வேற சர்வரோட லாகை வச்சு பக் கண்டுபிடிக்கிற மாதிரி. வித்தியாசத்துக்கு எது காரணம்னு பிரிக்கவே முடியாது. பூகம்பத்தைக் குலுக்கல் போட்டு யாருக்கும் தரவும் முடியாதே.

அதனால 1959-ல வெளிவந்த ஆய்வுல ஃபெஸ்டிங்கரும் கார்ல்ஸ்மித்தும் முரண்பாட்டையே ஆய்வகத்துல உண்டாக்கினாங்க. ஸ்டான்ஃபோர்ட் மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் மகா போரடிக்கிற வேலை. பலகையில இருக்கிற முளைகளைத் திருப்பிக்கிட்டே இருக்கணும். அப்புறம் அடுத்து வர்றவங்ககிட்ட ‘ஜாலியா இருந்தது’ன்னு பொய் சொல்லணும். சிலருக்கு 1 டாலர், சிலருக்கு 20 டாலர். பிறகு, நிஜமா எப்படி இருந்ததுன்னு கேட்டாங்க. 1 டாலர் வாங்கினவங்கதான் வேலை நல்லா இருந்ததுன்னு சொன்னாங்க! 20 டாலர்னா பொய்க்கு அதுவே போதுமான காரணம். 1 டாலருக்கு அது போதாது, அதனால அபிப்பிராயமே நகர்ந்துடுச்சு.

யாருக்கு எவ்வளவுங்கிறதை மாணவர்கள் தேர்ந்தெடுக்கல. பொய்யே சொல்லாத மூணாவது குழுவும் இருந்தது. அவங்க வேலை போர்னு நேரா சொல்லிட்டாங்க.