கடல் மேல் ஒரு பந்தி

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். சோறு கிடைக்கிற இடம் வேறு, உயிர் போகிற இடம் வேறு என்ற நம்பிக்கையில் பிறந்த பழமொழி அது. இரண்டும் ஒரே இடமாகிவிட்டால் என்ன செய்வது? பந்தியில் உட்காருகிறவன் எழுந்து ஓடிவிடலாம். பரிமாறுகிறவன் முந்துவதா, பிந்துவதா? 2020-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் நின்ற ஓர் உல்லாசக் கப்பலில் இந்தக் கேள்வி எழுந்தது. கொரோனா என்ற பெயரை உலகம் அப்போதுதான் பயத்தோடு உச்சரிக்கக் கற்றுக்கொண்டிருந்தது.

உல்லாசக் கப்பல் என்பது ஊர் போய்ச் சேருவதற்காக ஏறுகிற கப்பல் அல்ல. புறப்பட்ட துறைக்கே திரும்பி வந்து சேருவதற்குப் பெரும்பணம் கொடுத்து மக்கள் அதில் ஏறுகிறார்கள். நடுவில் இரண்டு மூன்று ஊர்களை எட்டிப் பார்க்கிறார்கள். மீதிப் பொழுது ஆட்டம், பாட்டு, சீட்டு. எல்லாவற்றுக்கும் மேலாகச் சாப்பாடு. காலையிலிருந்து நடுநிசிவரை எங்கேனும் ஒரு மேஜையில் ஏதேனும் ஆவி பறந்துகொண்டிருக்கும். பஃபே என்று ஒன்று உண்டு. பாத்திரங்களை வரிசையாகத் திறந்து வைத்துவிடுவார்கள்; வேண்டியதை வேண்டிய மட்டும் நாமே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். கல்யாண வீட்டில், "போதும், போதும்" என்று இலைக்கு மேலே கையை நீட்டித் தடுக்கிற நமக்கு இது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

இந்தப் பஃபேயில் ஆபத்து உண்டென்று கப்பல்காரர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். ஒரே கரண்டியை நூறு பேர் தொடுகிறார்கள். அவர்களில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு இருந்தால், இரண்டு நாளில் கப்பலில் பாதிப்பேர் படுத்துக்கொள்ளக்கூடும். அமெரிக்கச் சுகாதார அதிகாரிகள் 1970-களிலேயே கப்பல் சமையலறைகளைச் சோதனை போட ஆரம்பித்துவிட்டார்கள். பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரி நூற்றுக்கு இத்தனை என்று மார்க்கு. 86-க்குக் குறைந்தால் அந்தக் கப்பல் தேறவில்லை என்று அர்த்தம். சாப்பாட்டுக்கூடத்து வாசலில் ஒரு சிப்பந்தி நின்று, உள்ளே வருகிறவர்கள் கையில் மருந்து நீரைத் தெளித்து அனுப்புகிற வழக்கமும் வந்தது. ஆக, கரண்டி வழியாக வருகிற எதிரிக்குக் காவல் பலமாகவே இருந்தது. மூச்சு வழியாக வருகிற எதிரியை அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

கப்பலையும் வியாதியையும் சேர்த்துப் பார்த்து மனிதர்கள் பயந்தது இன்று நேற்றல்ல. இப்போது துப்ரோவ்னிக் என்று வழங்கும் ரகூசா நகரம், 1377-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் செய்தது. பிளேக் பரவிய இடங்களிலிருந்து வருகிறவர்கள் நகருக்குள் நுழையுமுன் முப்பது நாள் வெளியே தங்கவேண்டும். முப்பது பிற்பாடு நாற்பதாயிற்று. நாற்பதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்துதான் குவாரன்டைன் என்ற வார்த்தை பிறந்தது. வெனிஸ் நகரத்தார் 1423-ல் இதற்காகவே ஒரு தீவில் ஆஸ்பத்திரி அமைத்தார்கள்.

ஒரு மனிதனை அடைத்து வைக்க உத்தரவு போட்டுவிடலாம். அவன் பசியை அடைத்து வைக்க எந்த உத்தரவாலும் ஆகாது. அதனால் எவ்வளவு கெட்டியான வேலி போட்டாலும், சோறு போகிற அளவுக்கு அதில் ஓர் இடைவெளி விட்டாகவேண்டும். இங்கிலாந்தில் ஈம் என்ற சிறு கிராமம் இருக்கிறது. 1665-ல் அங்கே பிளேக் புகுந்தது. வில்லியம் மாம்பெஸ்ஸன் என்ற பாதிரியாரின் பேச்சைக் கேட்டு, சுற்று வட்டாரத்துக்கு வியாதியைக் கொண்டுபோகக் கூடாதென்று அந்த ஊர் ஜனங்கள் தாங்களாகவே ஊரைப் பூட்டிக்கொண்டார்கள். சுமார் 260 பேர் மாண்டார்கள் என்று சொல்வது வழக்கம். அந்த நாட்களில் அக்கம்பக்கத்து ஊரார் உணவைக் கொண்டுவந்து எல்லையில் ஒரு கல்லின் அருகே வைத்துவிட்டுப் போவார்கள். கல்லில் குழிகள், குழிகளில் காடி, காடிக்குள் கிராமத்தார் போட்ட காசு. கொடுத்தவன் முகத்தை வாங்கியவன் பார்ப்பதில்லை. கல் இன்றும் இருக்கிறது.

கடலில் மிதக்கிற கப்பலில் எல்லைக்கல்லை எங்கே நடுவது?

யோகோஹாமாவில் நின்ற கப்பலின் பெயர் டயமண்ட் பிரின்ஸஸ். 2020 ஜனவரி 20-ஆம் தேதி அதே துறைமுகத்திலிருந்துதான் அது புறப்பட்டது. ஜனவரி 25-ல் ஹாங்காங்கில் ஒரு பிரயாணி இறங்கிப் போனார். அவருக்குக் கொரோனா என்று பிப்ரவரி முதல் தேதி தெரிய வந்தது. கப்பலோ அதற்குள் வியட்நாமையும் தைவானையும் பார்த்துவிட்டு ஜப்பானுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. 3-ஆம் தேதி யோகோஹாமாவுக்கு வந்ததும் அதிகாரிகள் ஏறிச் சோதனை செய்யத் தொடங்கினார்கள். மறுநாள் 4-ஆம் தேதியும் உணவுக்கூடங்கள் திறந்திருந்தன. பஃபே மேஜைகளும் கேளிக்கைகளும் நின்றபாடில்லை. 5-ஆம் தேதி காலையில் முதல் 31 பேரின் பரிசோதனை முடிவு வந்தது. அவர்களில் பத்துப் பேருக்கு வியாதி. கதவுகள் மூடப்பட்டன. பிரயாணிகள் அவரவர் அறைக்குள்ளேயே பதினான்கு நாள் இருக்கவேண்டுமென்று உத்தரவாயிற்று.

கப்பலில் இருந்தவர்கள் 3,711 பேர். பிரயாணிகள் 2,666, சிப்பந்திகள் 1,045. முந்தின தொகைக்குத்தான் கதவு மூடப்பட்டது. பிந்தின தொகைக்கு மூடமுடியவில்லை. வேளை தவறாமல் சமைக்கவேண்டும். தட்டுகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி, அறை அறையாகக் கதவைத் தட்டிக் கொடுக்கவேண்டும். எச்சில் தட்டை எடுத்துப் போய்க் கழுவவேண்டும். முகமூடியும் கையுறையும் கொடுத்தார்கள். அவற்றைக் கட்டிக்கொண்டு வேலையைச் செய்தார்கள். வேலை முடிந்ததும் எங்கே போனார்கள் என்பதல்லவா கேட்க வேண்டிய கேள்வி? கீழ்த்தளத்தில், தங்களுக்கென்றிருந்த பொதுக்கூடத்தில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பிறகு, பங்கு போட்டுக்கொண்ட சிறு அறைகளில் போய்ப் படுத்தார்கள். மேலே ஒருவரையொருவர் பார்க்கக்கூடாதென்று விதி. கீழே ஒருவர் மூச்சை ஒருவர் வாங்காமல் தூங்க வழியில்லை.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரி 9-ஆம் தேதி வரையில் சிப்பந்திகளில் 20 பேருக்கு வியாதி உறுதியாயிற்று. அவர்களில் 15 பேர் சாப்பாட்டு வேலை பார்த்தவர்கள். 16 பேர் மூன்றாம் தளத்தில் குடியிருந்தவர்கள். சாப்பாட்டு வேலைக்காரர்கள் தங்கும் தளம் அதுதான். இதற்கு மேல் வியாக்கியானம் வேண்டியதில்லை.

ஆனாலும் ஒரு பக்கத்துக் கதையை மட்டும் சொன்னால் நியாயமாகாது. முடிவில் வியாதி கண்ட 712 பேரில் 567 பேர் பிரயாணிகள்; சிப்பந்திகள் 145. விகிதம் பார்த்தாலும் பிரயாணிகள் பட்டதே அதிகம். இறந்தவர்களிலும் வயோதிகப் பிரயாணிகளே மிகுதி. கதவு மூடுவதற்கு முன்பே, அந்த ஆட்டபாட்டத்திலும் விருந்திலும், பலருக்கு வியாதி தொற்றிவிட்டிருந்தது. சோதனை செய்தபோது ஏறக்குறைய பாதிப்பேருக்கு இருமலோ காய்ச்சலோ ஒன்றுமே இல்லை. சௌக்கியமாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். ஜன்னல் இல்லாத உள்ளறைகளில் அகப்பட்டுக்கொண்டவர்கள், முறை வைத்து மேல்தளத்தில் சிறிது நேரம் நடக்க விட்டபோதுதான் வெளிச்சத்தைப் பார்த்தார்கள். அவர்கள் துயரமும் துயரமே. ஆனால் கதவை மூடியது அவர்களைக் காப்பதற்காக. சிப்பந்திகளை அப்படிக் காப்பதற்கு ஒரு கதவும் இருக்கவில்லை.

அந்தச் சிப்பந்திகளில் 132 பேர் இந்தியர்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்களும் உண்டு. முகமூடி கட்டிய முகத்தோடு தங்களையே கைபேசியில் படம் பிடித்து, "எங்களைப் பிரித்து வையுங்கள், வீட்டுக்கு அழைத்துக்கொள்ளுங்கள்" என்று அவர்களில் சிலர் வேண்டிக்கொண்டது ஊரெங்கும் பரவியது. பிப்ரவரி 27-ஆம் தேதி தனி விமானத்தில் 119 இந்தியர்கள் டில்லி வந்து சேர்ந்தார்கள். வந்தவர்களுக்கு மறுபடியும் பதினான்கு நாள் தனிமை. இந்தத் தடவை அவர்களுக்குச் சாப்பாடு வேறு யாரோ கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள்.

கப்பலின் காப்டன் ஜென்னாரோ ஆர்மா என்ற இத்தாலியர். நாள் தவறாமல் ஒலிபெருக்கியில் பேசி எல்லோருக்கும் தைரியம் சொன்னவர். மார்ச் முதல் தேதி கடைசி மனிதராகக் கப்பலை விட்டு இறங்கினார். இத்தாலி நாடு அவருக்குப் பட்டம் அளித்தது, தகுதியானவர்தான். பரிசாரகர்களுக்கு நன்றி எழுதித் தங்கள் கதவில் சீட்டு ஒட்டிவைத்த பிரயாணிகளும் இருந்தார்கள். பட்டம் தருகிற இடங்களுக்குப் பரிசாரகர்களின் பெயர் எட்டுவதில்லை. கதவுக்கு உள்ளே இருந்தவர்களுக்கு எட்டியது.

மார்ச் 14-ஆம் தேதி அமெரிக்கா உல்லாசக் கப்பல்களின் ஓட்டத்தை நிறுத்தியது. பிரயாணிகள் வீடு திரும்பினார்கள். சிப்பந்திகள் திரும்ப முடியவில்லை. விமானமும் இல்லை, இறங்கவிடத் துறைமுகங்களும் தயாராக இல்லை. ஏப்ரல் மாதத்தில் அமெரிக்கக் கரையோரம் மட்டும் சுமார் நூறு கப்பல்களில் ஏறக்குறைய 80,000 சிப்பந்திகள் காத்துக் கிடந்தார்கள். அப்போதுதான், ஒவ்வொரு சிப்பந்திக்கும் தனி அறை, தனிக் குளியலறை வேண்டுமென்று அமெரிக்க அதிகாரிகள் விதி செய்தார்கள். காலியாகக் கிடந்த பிரயாணிகளின் அறைகள் பலவற்றில் பரிசாரகர்கள் குடியேறினார்கள். கீழ்த்தளத்து மனிதன் ஜன்னலுள்ள அறையில் படுப்பதற்கு மேல்தளத்து மனிதன் ஊருக்குப் போகவேண்டியிருந்தது!

2021 ஜூன் மாதத்தில் அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து பெரிய கப்பல்கள் மறுபடி பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது புதிய ஏற்பாடுகள் வந்திருந்தன. தடுப்பூசி, பரிசோதனை, மேஜைக்கு மேஜை இடைவெளி எல்லாம் உண்டு. பல கப்பல்களில் பஃபேயை எடுத்துவிடவில்லை. பிரயாணி கரண்டியைத் தொடக்கூடாது என்று மட்டும் வைத்தார்கள். அவர் விரலால் சுட்டிக்காட்டுவார். மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்கிற சிப்பந்தி எடுத்துப் போடுவார். பிரயாணிக்கு இது நல்ல பாதுகாப்பு என்பதில் சந்தேகமில்லை. கரண்டி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியது, அவ்வளவுதான்.

கொள்ளைநோய்களின் சரித்திரம் எழுதுகிறவர்கள் எத்தனை பேர் இறந்தார்கள், எந்த மருந்து பலித்தது என்று எழுதுவார்கள். அது அவசியம். அத்தோடு, வேலிக்கு உள்ளே சோறு எப்படிப் போயிற்று, யார் கொண்டுபோனார்கள், அவர்கள் எங்கே படுத்துத் தூங்கினார்கள் என்று ஒரு பக்கமாவது எழுதவேண்டும். இனி ஒரு நோய் வந்து, கதவுகளை மூட உத்தரவு போட உட்காருகிற அதிகாரி அந்தப் பக்கத்தை முதலில் புரட்டுவாரானால், பந்தி பரிமாறுகிறவனுக்கும் படுக்க ஓர் அறை கிடைக்கும்.