ஆகாரும் கண்டிப் பிரதேசக் கிறித்தவ இளம்பெண்களும்: பெண்ணிய இறையியல் பற்றிய ஒரு நோக்கு

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் வழியில் உள்ளது திகன. சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் அயலவராய் வாழும் பகுதி அது. 2018 மார்ச்சில் அங்கும் தெல்தெனியவிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. எரியூட்டப்பட்ட வீட்டினுள் ஒரு முஸ்லிம் இளைஞர் மாண்டார். நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. இத்தகைய சூழலிற் பெண்ணிய இறையியல் பயிலும் கிறித்தவ இளம்பெண்கள் எவ்வினாவை முதலில் எழுப்புதல் வேண்டும்? ஆணாதிக்கம் பற்றிய வினா என்று விடையிறுத்தல் எளிது. அவ்விடை போதாதென்பதே நமது கருத்து.

கண்டிக்கு அண்மையில் பிலிமத்தலாவையில் அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்திஸ்து முதலிய திருச்சபைகள் இணைந்து 1963 இல் இலங்கை இறையியல் கல்லூரியை நிறுவின. சிங்களமும் தமிழும் அங்குப் போதனாமொழிகளாயின. ஆயின் இலங்கை அங்கிலிக்கன் திருச்சபை முதன்முதலாகப் பெண்களைக் குருத்துவத்திற்கு அபிஷேகஞ் செய்தது 2006 இலேதான். காலந்தாழ்ந்து வந்த பேறெனினும் அது பெரும்பேறே. எனினும் பீடத்தருகே ஒரு பெண் நிற்பதனால், கீழே ஒரே வாங்கில் அமர்ந்திருக்கும் நகரத்துப் பெண்ணும் தோட்டத்துப் பெண்ணும் சமமாகிவிடுவதில்லை. தோட்டத்துப் பெண்ணின் பாட்டி 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவளானவள். ஆணுக்கு நிகரான நாட்கூலியை 1984 வரை பெறாதவள். 'பெண்களாகிய நாம்' என்னுஞ் சொல் இவ்விருவரையும் எங்ஙனம் ஒருங்கே தழுவும்?

ஆதியாகமத்து ஆகாரின் வரலாறு இவ்விடத்து மனங்கொளத்தக்கது. அவள் எகிப்தியப் பெண், அடிமை. அவளைத் துன்புறுத்துபவளும் ஒரு பெண்ணே. அமெரிக்க அறிஞர் பிலிஸ் திரிபிள் 1984 இல் வெளியிட்ட நூலிலே இக்கதையைக் கொடுமையின் பனுவல்களுள் ஒன்றாகக் கொண்டார். கறுப்பினப் பெண்களின் அனுபவத்தினின்று 1993 இல் அதனை வாசித்த டெலோரஸ் வில்லியம்ஸ் மேலும் ஒரு படி சென்றார். ஆகாருக்குக் கிட்டியது விடுதலையன்று, உயிர்பிழைக்கும் வழியே என்றார் அவர். தப்பியோடியவளை எசமானியிடம் திரும்பிச் செல்லுமாறு தேவதூதன் பணிக்கின்றானே! தேயிலைத் தோட்டத்து லயத்தை அறிந்தவர்க்கு இவ்வாசிப்பு அந்நியமன்று. நமது பிரசங்கபீடங்களோ பெரும்பாலும் சாராளின் பக்கமே நின்று பேசி வந்துள்ளன.

திகன முஸ்லிம்களுக்கு இவளே ஹாஜரா. தாகித்த மகவுக்கு நீர்தேடி ஸபா, மர்வா குன்றுகளுக்கிடையே ஓடிய அத்தாயின் ஓட்டத்தை ஹஜ் யாத்திரிகர், ஆடவரும் பெண்டிரும், இன்றும் அக்குன்றுகளுக்கிடையே சென்று நினைவுகூருகின்றனர். ஓர் அடிமைப் பெண்ணின் தவிப்பு ஒரு சமயத்தின் பெருங்கடமையுள் இடம்பெற்றிருத்தல் பெண்ணிய இறையியலார் எளிதிற் கடந்து செல்லத்தக்கதன்று. கலாத்தியர் நிருபத்தின் நான்காம் அதிகாரமோ ஆகாரை அடிமைத்தனத்தின் உருவகமாக்கி, அவளையும் மகனையும் துரத்துமாறு சாராள் கூறிய சொல்லை வேதவாக்காகவே எடுத்தாளுகின்றது. 2018 இன் பின்னர் அப்பகுதியைத் திகனவில் வாசிக்கும் இளம்பெண்கள் அதன் பொருளைத் தமக்குள் மட்டும் கூடித் தீர்த்துக்கொள்ள இயலாது. ஹாஜராவின் கதையைத் தாய்மடியிற் கேட்டு வளர்ந்த அயல்வீட்டுப் பெண்ணும் அவ்வாசிப்பில் உடனிருத்தல் வேண்டும்.