பித்தளைப் பாலும் ஈரல் கட்டியும்

ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை ஒரு காலத்தில் வாரிக்கொண்டு போன நோய் ஈரல் கட்டி. இந்தியக் குழந்தைப்பருவ ஈரல் இறுக்கம் என்பது மருத்துவ நூல்களில் அதன் பெயர். கல்கத்தாவில் பி. சி. சென் 1887இல் அதை விவரித்தார். 1930களில் சென்னை மாகாணத்தில் திருமூர்த்தியும் ராதாகிருஷ்ண ராவும் அதன் ஈரல் திசுவை நுண்ணோக்கியில் ஆராய்ந்து எழுதினார்கள். வயிறு உப்பும், ஈரலின் கூரிய விளிம்பு கைக்குத் தட்டுப்படும். காமாலையும் மகோதரமும் கண்டுவிட்டால் பிள்ளை சில மாதங்களே தாங்கும். ஒரே வீட்டில் அடுத்தடுத்த பிள்ளைகளும் போனதால் பரம்பரைக் கோளாறு என்றே பலரும் நம்பினார்கள். சென்னை ஜம்மி வெங்கடரமணய்யாவின் பெயரில் வந்த ஈரல் மருந்து வீட்டுக்கு வீடு அறிமுகமாகியிருந்தது.

பின்னால் சந்தேகம் அடுக்களைப் பித்தளையின் மேல் விழுந்தது. காவிரிப் படுகையில் அன்று பித்தளைப் பாத்திரம் இல்லாத சீர்வரிசை கிடையாது. கும்பகோணம் பட்டறைகள் அதற்கென்றே பேர்பெற்றவை. உள்ளே ஈயம் பூசித்தான் புழங்கவேண்டும் என்பது பெண்கள் அறிந்த விதி. புளியோ மோரோ பட்டால் களிம்பு காட்டிக்கொடுத்துவிடும். ஈயம் தேய்ந்த குண்டானில் காய்ச்சி வைத்த பாலில் அப்படி எதுவும் கண்ணுக்குத் தெரியாது. பாலிலுள்ள கேசீன் புரதம் பித்தளையிலுள்ள செம்பைப் பிடித்துக்கொள்ளும். பச்சிளம் ஈரலுக்கோ செம்பைப் பித்தத்தின் வழி வெளியேற்றும் திறன் குறைவு.

நோயின் அடையாளம் 1978இல் பிடிபட்டது. போர்ட்மன், டானர் முதலிய ஆய்வாளர்கள் ஈரல் திசுவில் ஆர்சீன் சாயம் ஏற்றியபோது செம்புப் புரதத் துகள்கள் தெரிந்தன. மறு ஆண்டு செம்பையே அளந்தார்கள். உலர்ந்த ஈரலில் கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குள் இருக்கவேண்டிய செம்பு, இந்தக் குழந்தைகளிடம் பெரும்பாலும் 800ஐத் தாண்டியிருந்தது. பிறந்த சிசுவின் ஈரலில் இயல்பாகவே செம்பு மிகுதி. ஆகவே வயதைச் சேர்த்தே இந்த எண்ணைப் படிக்கவேண்டும். வில்சன் நோயிலும் ஈரலில் செம்பு தேங்கும். ஆனால் அதில் இரத்தத்தின் செருலோபிளாஸ்மின் பெரும்பாலும் குறைந்திருக்கும். ஈரல் கட்டியில் குறைவதில்லை.

பிறகு புணேயில் பாவே, பண்டிட் ஆகியோருடன் சேர்ந்து டானர் உணவு வரலாற்றைக் கேட்டறிந்தார். சீக்கிரமே தாய்ப்பாலிலிருந்து புட்டிக்கோ பாலாடைக்கோ மாறி, பித்தளையில் வைத்த மாட்டுப்பாலை அருந்திய குழந்தைகளே மிகுதி என்று 1983இல் எழுதினார்கள். செம்பை வெளியேற்றும் பெனிசிலமின், நோய் முற்றுமுன் கொடுத்தால் பலரைக் காப்பாற்றியது. ஆஸ்திரியாவின் டிரோல் மலைநாட்டிலும் 1900 முதல் 1974 வரை 138 குழந்தைகள் இப்படி இறந்ததாக 1996இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கும் செம்புப் பாத்திரம்தான். உடன் மரபணுப் பலவீனமும் இருக்கலாம் என்பது அவ்வாய்வின் கருத்து. எல்லாப் பிள்ளைகளுக்கும் நோய் வராததற்கு அதுவே காரணமாகலாம்.

 

1990களுக்குள் நோய் அரிதாகிவிட்டது. ஆய்வுகள் காரணத்தைச் சொல்வதற்கு முன்பே எவர்சில்வர் அடுக்களைக்குள் வரத் தொடங்கியிருந்தது. ஈரல் கட்டியை ஒழித்ததில் மருந்தைவிடப் பாத்திரக் கடைக்கே பங்கு அதிகம்.