கட்டுபெத்தைக்குப் போன வழி

எமது கல்லூரி மண்டபத்துப் பெயர்ப்பலகையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மருத்துவ பீடம் புகுந்தவர்களின் வரிசை நீளம், பொறியியல் வரிசை நெடுங்காலம் வெறுமை. நூற்றாண்டு மலருக்கு மொறட்டுவைப் பல்கலைக்கழக வாழ்க்கை பற்றி எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது அந்த வெறும் இடந்தான் முதலில் என் நினைவுக்கு வந்தது.

இலங்கையில் பொறியியற் பட்டப்படிப்பு 1950இல் கொழும்பில் தொடங்கிப் பின்னர் பேராதனைக்குச் சென்றது. கட்டுபெத்தையில் 1960இல் கனடாவின் உதவியுடன் எழுந்தது ஒரு செய்முறைத் தொழில்நுட்ப நிறுவனம் மட்டுமே. 1966இல் அது இலங்கைத் தொழில்நுட்பக் கல்லூரியாகி, 1972இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 1978இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் என்ற பெயரைப் பெற்றது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பலருக்கு அது இன்றும் "கட்டுபெத்தை"தான்.

பெண்பிள்ளைகள் அங்கே வருவார்கள் என்று தொடக்கத்தில் எவரும் பெரிதாக எண்ணியிருக்கமாட்டார்கள். 1960களில் கொழும்பில் பொறியியல் கற்ற பிறேமளா சிவப்பிரகாசபிள்ளை நாட்டின் முதற் பெண் பொறியியலாளர் ஆனார். அவர் ஒரு தமிழ்ப் பெண் என்பது எங்களுக்குப் பெருமை. ஆனால் அவர் வழியிற் போக விரும்பிய பிள்ளைக்குப் பாடசாலையில் பிரயோக கணிதம் படிப்பிக்க ஆள் வேண்டுமே! பெண்கள் பாடசாலைகள் பலவற்றில் தூய கணிதத்துக்கே ஆசிரியர் தட்டுப்பாடு. அயலிலுள்ள ஆண்கள் கல்லூரிக்கோ ரியூட்டரிக்கோ போகவேண்டும்; அதற்கு வீட்டிலே சம்மதம் வேண்டும். "பொம்பிளைப் பிள்ளைக்கு என்னத்துக்கு இஞ்சினியரிங்?" என்ற கேள்வியைக் கேளாத பிள்ளை எங்கள் தலைமுறையில் இல்லை.

அதையும் தாண்டிப் படித்தவர்களின் முன்னால் 1970இன் தரப்படுத்தல் வந்து நின்றது. நான்கு பாடங்களுக்குமான 400 புள்ளிகளில், பேராதனைப் பொறியியற் பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 போதுமென்றும், தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 வேண்டுமென்றும் ஆயிற்று. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. அதனால் வன்னியிலும் கிழக்கிலும் வசதி குறைந்த பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சில கதவுகள் திறந்தன என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆனால் 227க்கும் 250க்கும் இடையில் நின்றுபோன பிள்ளையின் பெயர் எந்தப் பலகையிலும் ஏறவில்லை. ஆண்பிள்ளையென்றால் காணியை விற்றாவது லண்டனுக்கு அனுப்பினார்கள். பெண்பிள்ளைக்குக் கலியாணம் பேசினார்கள்.

நான் அனுமதி பெற்றது தொண்ணூறுகளின் முற்பகுதியில். யாழ்தேவி ஓடாத காலம். இரவிலே கிளாலியில் படகேறி, சான்றிதழ்களைப் பொலித்தீனில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு நீரேரியைக் கடந்தோம். பிறகு வவுனியா, அங்கே பாஸ், பின்னர் கொழும்பு. எனக்குப் பின் வந்த தங்கைமார் காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குக் கப்பலேறினார்கள். வெள்ளவத்தையில் அறையெடுத்து, பொலிஸ் பதிவு முடித்து, காலி வீதிப் பேருந்தில் கட்டுபெத்தைச் சந்தியில் இறங்கும்போதே பாதிப் பட்டம் பெற்றுவிட்டதாக ஓர் எண்ணம்.

அந்த எண்ணம் முதல் விரிவுரையோடு போய்விட்டது. எல்லாமே ஆங்கிலம். பாடசாலையில் "முறுக்கம்", "உராய்வு" என்று படித்தவற்றுக்கு ஆங்கிலப் பெயரைத் தேடுவதற்குள் விரிவுரையாளர் அடுத்த கரும்பலகைக்குப் போய்விடுவார். பொறியியல் வரைதலில் ஆண்பிள்ளைகளைவிட நாங்கள் சுத்தமாகக் கீறினோம். பட்டறையில் அரத்தைப் பிடிக்கத் தெரியாமல் நின்றோம். கைத்தொழிற் பயிற்சிக்குப் போன ஓரிடத்தில் பெண்களுக்கு மலசலகூடமே இல்லை. அதைக் கேட்டு வாங்குவது எங்கள் முதலாவது பொறியியல் வேலையாயிற்று! மாலையில் பொல்கொட வாவிப் பக்கமாக நடந்தால் காற்று நன்றாக வீசும். வீட்டுக் கடிதங்களை அங்கே இருந்துதான் வாசிப்போம். அவை வந்துசேர ஒரு மாதமும் ஆகும்.

இன்றைய பிள்ளைகளுக்கு மொறட்டுவை என்றால் முதலில் நினைவுக்கு வருவது முன்னோடிப் பரீட்சை. அங்குள்ள தமிழ் மாணவர் உயர்தரக் கணிதப் பிரிவுக்கு வினாத்தாள் தயாரித்து, வடக்குக் கிழக்கெங்கும் நடத்தி, விடைத்தாள்களையும் திருத்திக் கொடுக்கிறார்கள். தங்கள் சொந்தப் பரீட்சைக்குப் படிக்கவேண்டிய இரவுகளில்தான் இந்த வேலையும் நடக்கிறது. "மொறட்டுவப் பேப்பர்" செய்யாமல் இணைந்த கணிதப் பரீட்சைக்குப் போகும் பிள்ளை இப்போது அரிது. கிளிநொச்சி அறிவியல்நகரிலும் பொறியியற் பீடம் வந்துவிட்டது. கிளாலியை இவர்களுக்குக் கதையாகத்தான் சொல்லவேண்டும்.

பழைய மாணவிகள் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். எழுபதுகளில் கணிதப் பிரிவில் தோற்றி, வெட்டுப்புள்ளியால் இடம் இழந்த அக்காமார் ரொறொன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இந்த மலரை வாசிக்கக்கூடும். தயவுசெய்து உங்கள் பெயரையும் பரீட்சை எழுதிய ஆண்டையும், நினைவிருந்தால் புள்ளிகளையும், சங்கச் செயலாளருக்கு எழுதி அனுப்புங்கள். பலகையின் அந்தப் பக்கத்தில் இன்னும் இடம் கிடக்கிறது.