சேய்மையை அண்மையாக்கிய வில்லை

தொலைக்காட்சியின் தொடக்க காலத்தில் படக்கருவியின் முகப்பில் ஒரு சுழல்தட்டு இருந்தது. அதில் மூன்று அல்லது நான்கு வில்லைகள் பொருத்தப்பட்டிருக்கும். ஒன்று அரங்கம் முழுவதையும் காட்டும். மற்றொன்று ஆளைக் காட்டும். வேறொன்று முகத்தை மட்டும் காட்டும். வில்லையை மாற்றத் தட்டைச் சுழற்றும்போது படம் குலைந்துவிடும். ஆதலின் அந்த நேரத்தில் வேறொரு படக்கருவியின் காட்சிக்குத் தாவியாக வேண்டும். நாடக அரங்கில் இது ஒப்பேறிற்று. விளையாட்டுத் திடலிலோ பந்து தட்டின் சுழற்சிக்காகக் காத்திருப்பதில்லை.

ஒரே வில்லை அகன்ற காட்சியிலிருந்து அண்மைக் காட்சிக்கு இடையறாது நகர வேண்டும் என்னும் எண்ணம் புதியதன்று. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்து டெய்லர், டெய்லர் அண்டு ஹாப்சன் நிறுவனம் 1932ஆம் ஆண்டிலேயே திரைப்படத்திற்காக 'வாரோ' என்னும் வில்லையைச் செய்தது. வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பிராங்க் பேக், போருக்குப் பின் 'ஜூமார்' என்னும் வில்லையை உருவாக்கினார். 1947இல் அது அமெரிக்கத் தொலைக்காட்சியில் பயன்பட்டது. ஆனால், நகரும் வில்லைகள் யாவும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருந்தமையால் சில நிலைகளில்தான் படம் முழுக் கூர்மை பெற்றது, இடையிடையே மங்கிற்று.

இந்த இடர்ப்பாடு இயல்பானதே. வில்லைத் தொகுதிகளுள் ஒன்றை நகர்த்தினால் உருவின் அளவு மாறும். கூடவே உரு விழும் இடமும் விலகும். அந்த விலக்கத்தைச் சரிசெய்ய இன்னொரு தொகுதி, முந்தியதற்கு ஈடாக, வேறொரு வேகத்தில் நகர வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் நிறம் பிரியாமலும் ஓரங்கள் வளையாமலும் இருத்தல் வேண்டும். ஒரு வில்லையை வடிவமைப்பதன்று இது. நூறு வில்லைகளை ஒரே குழலுக்குள் வடிவமைப்பதற்கு நிகர்.

1940களின் இறுதியில் பி.பி.சி. இப்பணியை ஹெரால்டு ஹாப்கின்ஸ் என்னும் இளைஞரிடம் கொண்டு சென்றது. 1918இல் இலண்டனின் வறிய குடியிருப்பில் பிறந்து, கல்வி ஒன்றையே ஏணியாகக் கொண்டு உயர்ந்தவர் அவர். 1947 முதல் இம்பீரியல் கல்லூரியில் ஆய்வாளராக இருந்தார். மின்னணுக் கணிப்பொறி எளிதில் கிட்டாத அக்காலத்தில், ஒளிக்கதிர் ஒவ்வொன்றின் வழியையும் பொறுமையாகக் கணக்கிட்டாக வேண்டும். அவர் வடித்த வில்லை தன் வீச்சு முழுவதிலும் தெளிவான படம் தந்தது. பின்னாளில் இந்தியரான நரிந்தர் சிங் கபானியுடன் இணைந்து, ஒளியிழைகளின் வழியே உருவத்தைக் கடத்தும் ஆய்வை 1954இல் வெளியிட்டவரும் இவரே.

பிரான்சில் பியர் ஆஞ்செனியூ 1956இல் நான்கு மடங்கு நெருங்கும் வில்லையைத் தந்தார். அதன்பின் சுழல்தட்டு மெல்ல மறைந்தது.

உயர்தெளிவுத் தொலைக்காட்சி வந்தபோது பழைய கண்ணாடிகளின் குறைகள் அம்பலமாயின. ஜப்பானின் என்.எச்.கே. 1964இல் தொடங்கிய ஆய்வு, 1989இல் சோதனை ஒளிபரப்பாக மலர்ந்தது. இன்றைய 1920க்கு 1080 என்னும் அளவில், 9.6 மில்லிமீட்டர் அகலமுள்ள உணரியில் ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ 5 மைக்ரான்; தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. முன்பு எவர் கண்ணிலும் படாத நிறக்கசிவு செய்தி வாசிப்பவரின் தோளோரத்தில் ஊதாக் கோடாய்த் தெரிந்தது. இக்கசிவைக் குறைக்கக் கெனான் போன்ற நிறுவனங்கள் செயற்கையாக வளர்த்த புளோரைட் படிகத்தைப் பயன்படுத்தின. ஒளிபரப்பு அரங்குகளுக்கான பெரிய வில்லை ஏறத்தாழ 20 கிலோ எடை கொண்டது. விலையிலோ படக்கருவியையே மிஞ்சக்கூடியது. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் குவியத்தை மாற்றுகையில் காட்சி சற்றே விரிந்து சுருங்கும் குறையும் உண்டு. சில வில்லைகளில் உள்ளிருக்கும் கணிப்பொறி, அதே கணத்தில் உருவளவை எதிர்த்திசையில் நகர்த்தி அதை மறைத்துவிடுகிறது. பார்ப்பவர் இதனை அறியார்.

இவ்வில்லைகளின் தரத்தை அளக்கும் முறையிலும் ஹாப்கின்சின் பங்கு பெரிது. மிக நுண்ணிய கறுப்பு வெள்ளைக் கோடுகளை வில்லை வழியே செலுத்தி, அவற்றின் வேறுபாட்டில் எவ்வளவு எஞ்சுகிறது என அளப்பதே அம்முறை. 1950களில் அதன் கணிதத்தை வளர்த்தெடுத்தவர்களுள் அவர் முதன்மையானவர். உயர்தெளிவு வில்லைகள் இன்றும் இந்த அளவுகோலாலேயே மதிப்பிடப்படுகின்றன. 1984இல் ராயல் சொசைட்டி அவருக்கு ரம்போர்டு பதக்கம் அளித்தது. அவர் 1994இல் மறைந்தார்.