கரண்ட் இல்லாத நாளுக்கு ஒரு தீட்டுக்கல்

டவுன்ல இருக்கிற உங்களுக்குக் கத்தின்னா காய் நறுக்க. எங்க நெய்வேலிப் பக்கம் ஒவ்வொரு வீட்டிலயும் மரம் கழிக்க ஒரு வெட்டுக்கத்தி இருக்கும்.

ஆனா இந்த மண்ணு இரும்பைத் தின்னுற மண்ணு. 1957ல இங்க பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் தோண்ட ஆரம்பிச்சாங்க. நிலக்கரிக்கு மேல மூடிக் கிடக்கிறது கடலூர் மணற்கல். ஜெர்மனியிலிருந்து வந்த ராட்சச இயந்திரங்களோட எஃகுப் பல்லெல்லாம் அதுல சீக்கிரமே தேஞ்சு போச்சு. அப்புறம் முதல்ல வெடி வெச்சுப் பாறையைத் தளர்த்திட்டுத்தான் இயந்திரத்தை விட்டாங்க. அதுக்கே அந்தக் கதின்னா நம்ம கத்தி எம்மாத்திரம்?

2011 டிசம்பர் 30 காலையில தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையைக் கடந்தது. பண்ருட்டி வட்டாரத்துப் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பா சாஞ்சது. ரோடெல்லாம் மரம். ஊர் உலகத்துக்கே கரண்ட் கொடுக்கிற நெய்வேலியைச் சுத்தி கிராமங்கள் பல நாள் இருட்டுல கிடந்துச்சு.

கரண்ட் இல்லைன்னா சாணை மிஷின் ஓடாது. அப்ப கைக்கு உதவுறது தீட்டுக்கல் மட்டும்தான். ஆம்புலன்ஸ் வரணும்னாலும் பால் வண்டி வரணும்னாலும் யாராவது வெட்டித்தான் வழி விடணும். மழுங்கின கத்தி பச்சை மரத்துல வழுக்கிக் காலுக்குத்தான் வரும்.

வெட்டு சுத்தமா இருக்கணும்ங்கிறதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. வேரோட சாயாம கிளை மட்டும் முறிஞ்ச முந்திரியைப் பிழைக்க வைக்கலாம். முறிஞ்ச இடத்தைச் சீரா வெட்டி போர்டோ பசை தடவினா புதுத் தளிர் வரும். மொண்ணைக் கத்தி பட்டையை உரிச்சுடும். அதுல தண்ணி இறங்கி மரம் அழுகும். கன்னு வெச்சுத் திரும்ப மகசூல் பார்க்க வருஷக் கணக்காகும். அதனால பிழைக்கிற ஒவ்வொரு மரமும் ஒரு குடும்பத்தோட சோறு.

தீட்டுறது பெரிய வித்தை இல்லை. கல்லை நனைச்சுக்கங்க. கத்தியோட பழைய சரிவு எப்படி இருக்கோ அதே சாய்வுல, ரெண்டு பக்கமும் சமமா தேய்க்கணும். ஓரத்துல பிசிறு தட்டுப்பட்டதும் மெதுவா தேய்ச்சு எடுத்துடணும். சாணை மிஷின்ல அவசரமா பிடிச்சா சூடேறி ஓரம் நீலம் பாயும். அப்படிப் பாஞ்சா பதம் போச்சுன்னு அர்த்தம். வேலை முடிஞ்சதும் பலாப்பாலைத் துடைச்சு எண்ணெய் தடவி வைங்க.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி எங்களுக்குப் புயல் காலம். ஐப்பசி பிறக்கிறதுக்கு முன்னாடியே கத்தி தீட்டி இருக்கணும். புயல் வந்தப்புறம் கல்லைத் தேட நேரம் இருக்காது.