காந்தாவைக் கூப்பிட்ட குரல்

எங்கள் தெருவில் எம்.ஆர். ராதா மாதிரி பேசத் தெரியாத பையனே கிடையாது. ராயபுரத்தில் கல்மண்டபம் பக்கம் வீடு. தொண்ணூறுகளில் அங்கே டீக்கடை டேப் ரெக்கார்டரில் 'ரத்தக்கண்ணீர்' ஒலிச்சித்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். படத்தைப் பார்ப்பதற்கு முன்பே எங்களுக்கு வசனம் மனப்பாடம். தொண்டையை இறுக்கி மேலே கொண்டுபோய், அங்கிருந்து சட்டென்று கீழே போட்டுக் கரகரப்பாக்கினால் ராதா வந்துவிடுவார். அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தோம்.

மூடிக்கிடந்த ஒரு கிடங்கின் வாசலில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். கைவிரல்கள் உள்ளே மடங்கிப்போயிருக்கும். அவரைத் தாண்டும்போதெல்லாம் நாங்கள் அந்தக் குரலில் காந்தாவைக் கூப்பிடுவோம். அவர் நிமிர்ந்து பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். ஒருநாள் என் ஆயா இதைப் பார்த்துவிட்டாள். காதைப் பிடித்துத் திருகி வீட்டுக்கு இழுத்து வந்தாள்.

"இன்னாடா சிரிப்பு உனக்கு? அந்தாளு உங்க தாத்தாகூட ஹார்பர்ல மூட்ட தூக்குனவருடா. கெட்ட வழிக்குப் போயா வந்துச்சு அந்த நோவு? படத்துல சொன்னா நம்பிடுவியா?"

ஆயாவுக்கு ராதாவைப் பிடிக்கும். அதுதான் விஷயம். அவர் பெயரைச் சொன்னாலே முகம் மலரும். ஆனால் 'ரத்தக்கண்ணீர்' என்றால் மட்டும், "அதுல பொய் சொல்ட்டாங்க" என்பாள். பிடித்த நடிகர், பொய்யான கதை. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள எனக்கு ரொம்ப வருஷம் ஆனது.

ராதா மெட்ராஸ்காரர். பெயரின் முதல் எழுத்தே மெட்ராஸ்தான்: மெட்ராஸ் ராஜகோபால் ராதாகிருஷ்ணன். 1907இல் சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்தவர். அப்பா பட்டாளத்துச் சிப்பாய், முதல் உலகப்போரில் இறந்துபோனார். சின்ன வயதில் ஒரு துண்டு மீனுக்காக அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டு ஓடியவர் நாடகக் கம்பெனியில் போய்ச் சேர்ந்தார் என்று சொல்வார்கள். மீன் துண்டுக்கு நடக்கும் சண்டை எப்படிப்பட்டது என்று காசிமேட்டுப் பக்கம் வளர்ந்த எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அன்றைய பாய்ஸ் கம்பெனிகள் கிட்டத்தட்ட குருகுலங்கள். சோறு, பாட்டு, அடி எல்லாம் ஒரே கூரையின் கீழ். ஜெகந்நாத ஐயர் கம்பெனியில் பழகிய ராதா வளர்ந்ததும் சொந்தக் குழு கட்டினார். 1937இல் 'ராஜசேகரன்' மூலம் சினிமாவுக்கு வந்தார். இன்னும் சில படங்கள் நடித்துவிட்டு மேடைக்கே திரும்பிவிட்டார். பாட்டுப் பாடத் தெரிந்தவன்தான் நாயகன் என்றிருந்த காலம் அது. பேச்சையே ஆயுதமாக வைத்திருந்தவருக்கு அங்கே என்ன வேலை?

அவர் மேடையில் செய்தது என்ன என்பதைப் படத்தை மட்டும் வைத்து முழுசாகப் புரிந்துகொள்ள முடியாது. காலையில் பேப்பரில் வந்தது ராத்திரி அவர் வசனத்தில் வந்துவிடும். முன்வரிசையில் எவனாவது கத்தினால் அவனுக்கும் பதில் உண்டு. பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் 1944இல் வேப்பேரியில் குத்துப்பட்டுச் செத்த வழக்கு ஊரையே கலக்கியது. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிறைக்குப் போனார்கள். அந்த லட்சுமிகாந்தனையே ராதா நாடகமாக்கினார். பெரியாரின் கொள்கைகளைக் கேலியும் கிண்டலுமாக மேடையேற்றினார். 'தூக்குமேடை' நாடகத்தை ஒட்டித்தான் அதை எழுதிய மு. கருணாநிதிக்குக் 'கலைஞர்' என்ற பட்டத்தை அவர் கொடுத்தார்.

அரசாங்கத்துக்கு இப்படிப்பட்ட ஆளை என்ன செய்வதென்று தெரியவில்லை. நாடகத்தைக் கண்டு அதிகாரம் பயப்படுவது புதிதில்லை. அவுரித் தோட்டக் கொடுமையைச் சொன்ன 'நீல் தர்ப்பண்' போன்ற வங்க நாடகங்களுக்குப் பிறகு பிரிட்டிஷார் 1876இல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் போட்டார்கள். விடுதலைக்குப் பிறகு சென்னை மாகாணம் தன் பங்குக்கு 1954இல் ஒரு சட்டம் போட்டது. நாடகப் பிரதியைக் கொண்டுவா என்று கேட்கவும், ஆட்சேபகரமானது என்று சொல்லித் தடுக்கவும் அதில் அதிகாரம் இருந்தது. அதே ஆண்டு ராதாவின் ராமாயண நாடகம் பெரிய எதிர்ப்பைக் கிளப்பியிருந்தது. சட்டமே அவருக்காகத்தான் வந்தது என்பது இன்றுவரை பலர் சொல்வது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ராதாவின் நாடகப் பிரதியை வாங்கிப் படித்தால் என்ன தெரியும்? ஆபத்தான விஷயம் பேப்பரில் இருக்காதே. அது அவர் தொண்டையில் இருந்தது.

'ரத்தக்கண்ணீர்' இதற்கு நல்ல உதாரணம். திருவாரூர் கே. தங்கராசு எழுதிய நாடகம். ஊர் ஊராக ஆண்டுக்கணக்கில் நடந்து, பிறகு கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் படமாகி, சட்டம் வந்த அதே 1954இல் வெளிவந்தது. கதையை எழுதிப் பார்த்தால் சாதாரண நீதிக்கதைதான். வெளிநாடு போய் வந்த பணக்காரன் மோகனசுந்தரம். அம்மாவை மதிக்காதவன். மனைவி சந்திராவை விட்டுவிட்டு காந்தாவே கதி என்று கிடக்கிறான். தொழுநோய் வருகிறது. பணமும் கண்ணும் போகின்றன. தப்பு செய்தவனுக்குத் தண்டனை, அவ்வளவுதான். எந்த அதிகாரி படித்தாலும் முத்திரை குத்தி அனுப்பிவிடுவார்.

ஆனால் படத்தின் பிற்பாதியைப் பாருங்கள். நோய் வந்த மோகன் அழுது இரக்கம் கேட்பவனாக இல்லை. பணக்காரனாக இருந்தவரை திமிர் மட்டுமே இருந்த குரலில், தெருவுக்கு வந்த பிறகு அறிவு ஏறுகிறது. பக்தி, பணம், கௌரவம், டாக்டர், தர்மப் பிரபு என்று யாரையும் விடுவதில்லை. அந்தப் படத்திலேயே உண்மை பேசுகிற ஒரே ஆள் அந்த நோயாளிதான். கடைசியில் தன் மனைவியையே நண்பன் பாலுவுக்குக் கட்டிவைக்கிறான். கணவன் உயிரோடு இருக்கும்போதே! தன்னை இதே கோலத்தில் சிலையாக வைக்கச் சொல்கிறான். பிரதியில் இருப்பது தண்டனை. குரலில் இருப்பது விடுதலை. தியேட்டரில் சனம் சிரித்தது அவனோடு சேர்ந்துதான், அவனைப் பார்த்து இல்லை.

அப்போ ஆயா சொன்ன பொய்?

அதுவும் நிஜம். தொழுநோய் ஒரு பாக்டீரியாவால் வருகிறது என்று நார்வேயின் ஹான்சன் 1873லேயே கண்டுபிடித்துவிட்டார். அது பாலியல் நோய் கிடையாது. கிருமி நரம்பைத் தாக்குகிறது, உணர்ச்சி போகிறது, உணராமலே படும் காயங்களில் கை கால்கள் சிதைகின்றன. 1940களிலேயே மருந்து வந்துவிட்டது. எண்பதுகளில் கூட்டு மருந்து வந்த பிறகு முழுக்கக் குணமாக்கக்கூடிய நோயாகிவிட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் அரசுத் தொழுநோய் மருத்துவமனை இருந்தது எங்கள் ராயபுரம் பக்கம்தான். 1920களில் செங்கல்பட்டை அடுத்த திருமணியில் பெரிய இல்லம் அமைந்தது. நோயாளிகளை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்தது அந்தக் காலம். அவர்களுக்கு ஏன் நோய் வந்தது என்று ஊருக்குள் ஒரு கதையைக் கொடுத்தது சினிமா. காந்தா என்ற பெண்ணின் தலையில் மொத்தப் பழியையும் போட்டதும் அதே கதைதான்.

அந்தக் கதையின் பாரம் லேசானது இல்லை. திருமணச் சட்டங்களில் தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாக வைத்திருந்ததை நாடாளுமன்றம் நீக்கியது 2019இல்.

ராதாவின் மீதிக் கதை எல்லாருக்கும் தெரிந்தது. 'பாகப்பிரிவினை', 'பாவமன்னிப்பு', 'பலே பாண்டியா', 'புதிய பறவை' என்று வில்லனாகவும் சிரிப்பு நடிகராகவும், பல சமயம் ஒரே வசனத்தில் இரண்டாகவும் நடித்தார். 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். ராதாவுக்கும் குண்டுக் காயம். வழக்கில் அவருக்கு 7 ஆண்டு சிறை, உச்ச நீதிமன்றம் அதை 5 ஆகக் குறைத்தது. கழுத்தில் பாய்ந்த குண்டால் எம்.ஜி.ஆரின் குரல் நிரந்தரமாக மாறிப்போனது. குரலால் வாழ்ந்த ஒருவரின் வாழ்க்கையில் இன்னொருவரின் குரல் போனது என்பதை நினைத்தால் இன்றும் ஒரு மாதிரி இருக்கிறது. 1971இல் வெளியே வந்தவர் மறுபடியும் நடித்தார். 1979 செப்டம்பர் 17, பெரியாரின் பிறந்தநாளில், திருச்சியில் இறந்தார். வேப்பேரி பெரியார் திடலில் அவர் பெயரில் மன்றம் இருக்கிறது.

1954 சட்டம் அவரைவிட அதிக நாள் உயிரோடு இருந்தது. 'பரீக்ஷா' நாடகக் குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அதற்குள் ராதா போய் 33 வருஷம் ஆகியிருந்தது.

இப்போது படத்தைப் பார்க்கும்போது என் சின்ன வயசுக் கூத்து புரிகிறது. நோயாளியின் வாயில் ராதா வைத்த குரல் அது. உலகத்தைப் பார்த்துச் சிரிக்க அவனுக்குக் கிடைத்த ஒரே உரிமை. அதையே நாங்கள் எடுத்து ஒரு நோயாளியைப் பார்த்துச் சிரிக்கப் பயன்படுத்தினோம். தொண்டையை இறுக்கிப் பழகினோமே தவிர அந்தக் குரல் யாருடையது என்று கவனிக்கவில்லை.

காதைத் திருகிய மறுநாள் ஆயா என்னை அந்தப் பெரியவரிடம் கூட்டிக்கொண்டு போனாள். மன்னிப்புக் கேட்கச் சொன்னாள். எனக்கு வாய் வரவில்லை. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீ பேசுறது ராதா மாதிரியே இல்ல கண்ணு" என்றார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு அவரே ஒரு தடவை பேசிக் காட்டினார்.

அச்சு அசல் ராதா.